நாத்தனார் போட்ட இரண்டு முடிச்சு

என் அண்ணன் சீனிக்குக் கோபம் வரவைக்க ஒரே ஒரு கேள்வி போதும். “உன் பொண்டாட்டிக்குத் தாலி கட்டினது நீயா, உன் தங்கச்சியா?” என்று கேட்டுவிட்டால் மனிதன் சாமி வந்தவன்போல் ஆடிவிடுவான். தோட்டத்துக் கள்ளுக்கடையில் இதைக் கேட்ட ஒருவர், கையிலிருந்த மங்குக் கிண்ணமும் கள்ளுமாகத் தரையில் உருண்டது ஊருக்கே தெரியும். அந்தத் தங்கச்சி நான்தான். பெயர் பாப்பா. வயது ஏறிக்கொண்டே போகிறது, பெயர் மட்டும் பாப்பாவாகவே நிற்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது என் கதையுமில்லை, அண்ணன் கதையுமில்லை. அந்தத் தாலியைக் கழுத்தில் வாங்கிய இருளாயி அண்ணியின் கதை. அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிடும். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தாலும் தெரியாது. நானும் அவளும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரே ஆயக்கொட்டாயில் ஒரே ஆயாவிடம் அடி வாங்கி வளர்ந்தவர்கள். அதனால் வாய் நிறைய “அண்ணி” என்று கூப்பிட்டாலும், பேச்சில் “நீ, வா, போ” தான்.

மலேசியாவில் சிலிம் ரிவருக்குப் பக்கத்தில் ஒன்பதாங்கட்டை ரப்பர்த் தோட்டம் எங்கள் தோட்டம். அறுபத்தெட்டில் அங்குள்ள மாரியம்மன் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. காலையிலிருந்து பேய் மழை. கோயில் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் நாதஸ்வரமே கேட்கவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டதால் ஊரிலிருந்து வரவேண்டிய போட்டோக்காரர் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சு போடுவான். பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் நாத்தனார் மீதி இரண்டையும் போடுவாள். நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு, என்னவோ எனக்கே கல்யாணம் என்பதுபோல் துள்ளிக்கொண்டு நின்றேன்.

பண்டாரம் தாலியை எடுத்து நீட்டினார். அண்ணன் வாங்கிக் குனிந்தான். மணவறையில் பெண் தலை நிமிரக் கூடாது இல்லையா? இருளாயி நிமிர்ந்தாள். நிமிர்ந்து, அவனை நேராக, கண்ணுக்குள் பார்த்தாள். அவ்வளவுதான், அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. டிராக்டர் ஓட்டுகிற கை அது! கயிறு நழுவியது, பிடித்தான். மறுபடி நழுவியது. ஒரு வழியாக ஒரு முடிச்சு போட்டான். நான் அவள் பின்கழுத்துக்குப் பக்கத்திலேயே நின்றதால் நன்றாகப் பார்த்தேன். முடிச்சுதான், ஆனால் தொளதொளவென்று இருந்தது. அதன்மேல் நான் இரண்டு போட்டு இறுக்கினேன். அதற்குள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னையா மாமா, “டேய், மூணையும் தங்கச்சியே போட்டுருச்சுடா!” என்று கத்தினார். கோயிலே சிரித்தது. அன்றைக்குப் பிடித்த பேர்தான், “தங்கச்சி கட்டிவச்ச மாப்பிள்ளை.”

இருளாயி எப்படிப்பட்டவள் என்றால், ஆண்கள் பால் வெட்டி முடிக்குமுன் தன் வெட்டை முடித்துவிட்டு, ரப்பர் பால் வாளியைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வருவாள். சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் இருப்பாள். அவளுடைய அப்பா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த ஒரு பசுமாடு, ஏழெட்டு வருடத்தில் ஒரு கொட்டகை நிறைய மாடாகிவிட்டது. கோபம் வந்தால் கத்தமாட்டாள். அந்த மணவறைப் பார்வை ஒன்றைப் பார்ப்பாள். மாடுகூட ஒதுங்கி நிற்கும்.

எழுபதில் அவளுடைய அம்மாவும் அப்பாவும் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி அட்டை வைத்திருந்தவர்களிடம் வேலை பெர்மிட் கேட்டார்கள், இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த வருடம் அப்படி எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. அண்ணிக்கும் சிவப்பு ஐசிதான். ஆனால் புருஷன் இருக்கிறான், கையில் குழந்தை இருக்கிறது என்று நின்றுவிட்டாள். பினாங்குத் துறைமுகம்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தவள், “பாப்பா, இனிமே எனக்குப் பொறந்த வீடுன்னா அது நீதான்” என்றாள். நான் சிரித்தேன். அது எவ்வளவு பெரிய பேச்சு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு செம்பனை நட்டார்கள். லயத்தைக் காலி செய்துவிட்டு நாங்கள் இரண்டு குடும்பமும் ஈப்போவுக்கு வந்து, ஜெலாப்பாங்கில் ஒரே வரிசையில் மலிவு வீடு வாங்கினோம். என் வீட்டுக்காரர் பக்கத்து மலையில் கல்லுடைக்கும் குவாரியில் சேர்ந்தார். அண்ணன் லாரி ஓட்டினான். அண்ணி மாடு எல்லாவற்றையும் விற்றுத்தான் வீட்டுக்கு முன்பணம் கட்டினாள். கடைசிக் கன்றுக்குட்டியை லாரியில் ஏற்றியபோது மட்டும் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். ஆனால் சிவப்பு ஐசிக்காரியின் பெயரைப் பத்திரத்தில் எழுத முடியாது என்று சொன்னார்கள். அண்ணன் பெயர் மட்டும் ஏறியது.

“வீடு யாரு பேர்ல இருந்தா என்னா? அடுப்பு என் கையிலதான இருக்கு” என்றாள் அண்ணி. நானும் ஆமாம் சாமி போட்டேன். கோயிலில் தாலி கட்டியாயிற்று, அதற்கு எதற்குப் பதிவு? புருஷன் பேரில் வீடு, அதற்கு எதற்குப் பங்கு? எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் இருந்தோம்.

அவள் ஜெலாப்பாங்கில் செருப்புத் தொழிற்சாலைக்குப் போய்ச் சம்பாதித்தாள். மூன்று பிள்ளைகள் ஆயின. மூத்தவன் ராஜு. அண்ணனோ தைப்பிங் பக்கம் லாரி ஓட்டப் போனவன், மழையைச் சாக்குச் சொல்லி அங்கேயே தங்க ஆரம்பித்தான். தைப்பிங்கில் மழைக்குக் குறைவில்லை, சாக்குக்கும் குறைவில்லை. எண்பத்திரண்டு தீபாவளிக்குத் துணி எடுத்துத் தரக்கூட வரவில்லை. அங்கே ஒரு பெண்ணோடு குடும்பமே நடத்துகிறான் என்று பிறகு தெரிந்தது.

அதைக்கூட அண்ணி தாங்கிக்கொண்டாள். தாங்காதது வேறு. ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், முன்கூடத்தில் ஒரு சீனத் தரகர் இரும்பு டேப்பை இழுத்து சுவரை அளந்துகொண்டிருக்கிறார்! அண்ணன் சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். வீட்டை விற்று, தைப்பிங்கில் கடை வைக்கப் போகிறானாம். நான் சத்தம் கேட்டு ஓடினேன். அண்ணி அவரை உட்காரவைத்து பாலில்லாத கோப்பி ஓ கலக்கிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, மலாயில் சொன்னாள்: இந்த வீட்டை வாங்கினால் இவர்களும் நானும் சேர்த்துத்தான் விலை, தௌக்கே முதலாளி, தனித்தனியாகக் கொடுக்கிறதில்லை. சொல்லிவிட்டு அந்தப் பார்வையைப் பார்த்தாள்.

அவர் டேப்பைச் சுருட்டினார். “சுசா லா” என்று, இது பெரிய தொல்லை என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே செருப்பை மாட்டினார். நானும் அண்ணியும் கதவைச் சாத்திவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடுத்த ஆளு வருவான் பாப்பா. இந்த வீடு போச்சுன்னா இந்தப் புள்ளைங்கள எங்கடி கூட்டிட்டுப் போவேன்? எனக்கு ஊரும் இல்ல, ஒறவும் இல்ல.”

 மறுநாளே லீவு போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஈப்போ டவுனுக்குப் போனேன். ஒரு கோப்பிக் கடைக்கு மேல்மாடியில் சந்திரமதி என்ற லோயர் அம்மா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய தமிழைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஆனால் முதல் கேள்விக்கே எங்கள் முகம் சுருங்கியது.

“உங்கட கலியாணத்தைப் பதிஞ்சனீங்களோ?”

“பதியல மிஸ்” என்றாள் அண்ணி.

“படம்?”

“போட்டோக்காரரு வரல மிஸ். ஆத்துல தண்ணி.”

“செய்து வைச்ச ஐயர்?”

“பண்டாரம். செத்துட்டாரு.”

“உங்கட அம்மா அப்பா?”

“இந்தியாவுல.”

“அப்ப ஆர்தான் பாத்தது?”

“ஊரே பாத்துச்சு மிஸ். அந்த ஊருதான் இப்ப இல்ல.”

சந்திரமதி அம்மா நிதானமாக விளக்கினார். போன வருடம்தான் புதுச் சட்டம் அமலுக்கு வந்ததாம். அதற்கு முன்னால் கோயிலில் வழக்கப்படி நடந்த கல்யாணமும் கல்யாணம்தான், பதிவு இல்லாவிட்டாலும் செல்லும். பிரிகிறபோது, கூடி வாழ்ந்த காலத்தில் வாங்கிய வீட்டில் மனைவிக்குப் பங்கு கேட்கலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அப்பனிடம் மாதாமாதம் கேட்கலாம். “ஆனால் அவர் கலியாணமே நடக்கேல்ல எண்டு சொன்னால், நடந்ததெண்டு நாங்கள்தான் காட்டவேணும். இல்லையெண்டால் வீடு அவற்ற வீடு.”

 அண்ணி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அதே மணவறைப் பார்வை! 

“மிஸ், அந்தத் தாலியில ரெண்டு முடிச்சு நான் போட்டது” என்றேன்.

“நீங்கள் ஆர்?”

“அவரோட கூடப்பொறந்த தங்கச்சி.”

சந்திரமதி அம்மா பேனாவை மேசையில் போட்டார். “கடவுளே! இதை முதலே சொல்லியிருக்கலாமே!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பிரிவும் வீட்டில் பங்கும் கேட்டு வழக்கு போட்டதும், அவர் சொன்னபடியே ஆயிற்று. கல்யாணமே நடக்கவில்லை என்று அண்ணன் தரப்பில் பதில் வந்தது. அன்று கோயிலில் நடந்தது வெறும் பூசை விருந்தாம். இருளாயி சும்மா கூட இருந்தவளாம். படித்துச் சொன்னபோது எனக்கு அவன் மண்டையில் உலக்கையைப் போடவேண்டும்போல் இருந்தது. சும்மா இருந்தவளா? அவள் விற்ற மாட்டின் காசில் கட்டிய வீட்டுக் கூரைக்குக் கீழேதானே இவன் இத்தனை வருடம் குறட்டை விட்டான்!

சாட்சிக்கு இன்னும் நாலு பேரைத் தேடி அலைந்தோம். விருந்தில் பாயசத்தை வாங்கி வாங்கிக் குடித்த சின்னையா மாமாவைப் பிடித்தேன். “நமக்கு எதுக்கு வம்பு லா? புருசன் பொண்டாட்டி விவகாரம்” என்று கதவுக்குப் பின்னால் போய்விட்டார். மற்றவர்களும் அப்படியே. இரண்டு முடிச்சோடு நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

கோர்ட்டுத் தேதிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அண்ணன் லாரியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் பசியாறக் கூப்பிட்டேன். உட்காரவில்லை.

“கோர்ட்டுக்குப் போறியாமே?”

“போறேன்ணே.”

“அண்ணனுக்கு எதிரா?”

“நடந்ததைச் சொல்லப் போறேன். அதுல எதிர் என்னா, பக்கம் என்னா?”

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகள் அஞ்சலையைக் கையால் காட்டினான். “நாளைக்கி இது வயசுக்கு வந்தா யாருடி குச்சு கட்டுவா? யாரு சீர் தூக்கிட்டு வருவா? நீ அங்க வாயைத் தொறந்தேன்னா, உன் மவளுக்குத் தாய்மாமன் கெடையாது. நல்லா யோசிச்சுக்க.”

லாரி போய்விட்டது.  அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு என்று இருந்தவன் அவன் ஒருவன்தான். தாய்மாமன் வராத சடங்கு என்றால் எங்கள் ஆட்கள் வாய் சும்மா இருக்குமா? அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். கையில் படிந்த கல்தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார். “தாய்மாமன் இல்லாட்டியும் பொண்ணு பொழச்சுக்கும், பாப்பா. வீடு இல்லாட்டி அந்த மூணும் எங்க போவும்?”

போனேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடம். உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. நீதிபதி மேலே. கீழே இரண்டு லோயர்கள். நாங்கள் பேசுவதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல ராமையா என்று ஒரு மொழிபெயர்ப்பாளர், பெரிய மீசையோடு. அண்ணி வெள்ளைச் சேலையில் சின்னப் பூப்போட்டது கட்டியிருந்தாள். அண்ணன் எதிர்ப்பக்க பெஞ்சில், என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

சந்திரமதி அம்மா கேட்டதற்கெல்லாம் கடகடவென்று சொல்லிவிட்டேன். பிறகு அண்ணனுடைய லோயர் எழுந்தார்.

“தாலி கட்டும்போது நீ எங்கே நின்றாய்?” ராமையா தமிழில் கேட்டார்.

“பின்னாலங்க.”

“பின்னால் நின்றவளுக்கு என்ன தெரியும்?”

“பின்னாலதாங்க முடிச்சு விழும். என்னையவிட யாரு நல்லாப் பாத்திருப்பா?”

நீதிபதி உதட்டில் சிரிப்பு வந்ததுபோல் இருந்தது. எனக்குத் தெம்பு வந்தது. ஆனால் அந்த லோயர் விடவில்லை. இரண்டு பேர் வீடும் ஒரே வரிசையில்தானே? ஒருத்தி வேலைக்குப் போனால் இன்னொருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறீர்கள்தானே? ஒரே சட்டியில் குழம்பு போகிறதுதானே? ஆமாம், ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அப்படியென்றால் தோழிக்காகச் சொல்லிவைத்துப் பேசுகிறாய் என்றார். அந்தக் கயிறு எங்கே என்றார். மஞ்சள் கயிறு நைந்தால் மாற்றுவோம், அந்தக் கயிறு ஆற்றோடு போய் எத்தனையோ வருடமாயிற்று என்றேன். சரி, உன்னைத் தவிர, உன் அண்ணன்தான் தாலி கட்டினான் என்று சொல்ல இந்த நாட்டில் ஒரே ஒரு ஆள் இருக்கிறாரா என்றார்.

நீதிபதியின் பேனா நின்றுவிட்டது. சந்திரமதி அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்தேன். அவள் தலை குனிந்திருந்தது. என் ஆயுளில் அவள் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை! மணவறையிலேயே நிமிர்ந்த தலை! எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணன் பக்கம் திரும்பினேன். கால்மேல் கால் போட்டு, மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த மீசையைப் பார்த்ததும் கள்ளுக்கடை ஞாபகம் வந்தது. மங்கோடு உருண்ட மனிதர் ஞாபகம் வந்தது. 

“இல்லைங்க” என்றேன். “ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எங்க தோட்டத்து ஆளுங்கள நீங்க யாரைக் கேட்டாலும், சீனி முடிச்சு போடலன்னுதான் சொல்லுவாங்க.”

அந்த லோயர் முகம் மலர்ந்தது. சந்திரமதி அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“விளக்கமாகச் சொல்” என்றார் அந்த லோயர்.

“அவனுக்குக் கை வெடவெடன்னு நடுங்கிருச்சாம். கயித்தையே பிடிக்க முடியலயாம். மூணு முடிச்சையும் தங்கச்சிதான் போட்டாளாம். ‘தங்கச்சி கட்டிவச்ச மாப்பிள்ளை’ன்னுதாங்க தோட்டத்துல இன்னைக்கும் அவனுக்குப் பேரு. பொம்பளையப் பாத்து பயந்த—”

ராமையாவின் மீசை துடித்தது. பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான்!

“யாருடி சொன்னது?” பெஞ்சு பின்னால் சாய அண்ணன் எழுந்துவிட்டான். “யாருக்குடி கை நடுங்குச்சு? மொத முடிச்சு நான் போட்டது! இந்தக் கையால போட்டது! மாரியாத்தா சத்தியமா, இவ கழுத்துல தாலி கட்டினது நான்தான்! எவன் இல்லைங்கிறான், வரச் சொல்லு!”

 நீதிபதி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ராமையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை மாற்றிச் சொன்னார். மாரியாத்தாவைக்கூட விடவில்லை. அண்ணனுடைய லோயர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க ஒன்றும் இல்லாததைத் துடைத்தார். அண்ணன் இன்னும் நின்றுகொண்டே இருந்தான். என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது.

பிறகு அவனையே கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கிக்கொண்டு சந்திரமதி அம்மா கேட்டார். கல்யாண நாளில் முதல் முடிச்சு போட்டது யார்? அவனால் மாற்றிச் சொல்ல முடியவில்லை. மாரியாத்தா மேல் சத்தியம் செய்தாயிற்றே! பொய் சொல்லுகிற அண்ணன்தான், ஆனால் ஆத்தா பெயரைச் சொல்லிப் பொய் சொல்லமாட்டான். “நான்தான்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. அண்ணி தலையை நிமிர்த்தினாள். எனக்கு அங்கேயே கும்மி அடிக்கவேண்டும்போல் இருந்தது.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இருவரும் பிரிந்தார்கள். லாரி அண்ணனுக்கு. வீடு அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும். பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை அவன் மாதாமாதம் கொடுக்கவேண்டும். சில மாதம் ஒழுங்காக வந்தது, சில மாதம் இழுத்தடித்தான். இழுத்தடித்தால் சந்திரமதி அம்மா ஒரு கடிதம் போடுவார், உடனே வந்துவிடும். அண்ணி தன் கழுத்துத் தாலியைத் தானே கழற்றி, மாரியம்மன் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். அழவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வெளியே புதுசாகப் பச்சைச் சாயம் அடிக்க ஆரம்பித்தாள். நானும் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேரும் சேலையெல்லாம் பச்சையாகி நின்றோம்.

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கோர்ட்டு வாசலிலேயே, “எனக்குத் தங்கச்சி செத்துட்டா” என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

எண்பத்தைந்தில் அஞ்சலை வயசுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் வெற்றிலை பாக்குத் தட்டோடு தைப்பிங்குக்குப் போய் மச்சானை முறைப்படி அழைத்தார். அண்ணன் தட்டைக் கையால் தொடவில்லை. மழையில் நனைந்துகொண்டு தட்டோடேயே திரும்பி வந்தார் அந்த மனிதர். அன்றுதான் நான் உண்மையாகவே அழுதேன். நியாயத்தைச் சொன்னேன், சரிதான். ஆனால் என் பிள்ளையின் சடங்குக்கு என் கூடப்பிறந்தவன் வரமாட்டான் என்பது வலிக்கத்தானே செய்யும்.

சடங்கு நாள். வாசலில் பந்தல். அஞ்சலை மனையில் உட்கார்ந்திருக்கிறாள். மஞ்சள் தண்ணீர் குடத்தில் தயாராக இருக்கிறது. பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். ஒருவரும் குடத்தைத் தொடவில்லை. தாய்மாமன் சீர் வராமல் தண்ணீர் ஊற்றக்கூடாது. என் வீட்டுக்காரரின் அக்கா காளியம்மா முகவாயில் கைவைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி ஆரம்பித்தார். “அண்ணனைக் கோர்ட்டுல ஏத்தினவளுக்கு சீர் எங்கேருந்து வரும்? வானத்துலேருந்தா?”

அப்போதுதான் வீட்டு வரிசைக் கடைசியிலிருந்து மேளச் சத்தம் கேட்டது!

ஓடிப்போய்ப் பார்த்தேன். நடுரோட்டில், மோட்டார் சைக்கிளெல்லாம் நின்று வழிவிட, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அண்ணி வருகிறாள். தலையில் பெரிய தாம்பாளம். பட்டு, வளையல், மாலை, தேங்காய் பழம் எல்லாம் அதில். பின்னால் அவளுடைய பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டோடு. மூத்தவன் ராஜு வெட்கத்தில் முகத்தைத் தட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வருகிறான். அத்தை மகளுக்குச் சீர் தூக்கினால் கூட்டாளிகள் கேலி பண்ணுவார்களே! முன்னால் உறுமி மேளம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, எது எது என்று தெரியவில்லை.

அண்ணி பந்தலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள். “மாமன் வரலைன்னா என்னா? மாமன் வீடு வந்திருக்கு! சீரை வாங்கிக்கங்க!”

கூட்டம் சிரித்தது. காளியம்மா அக்கா சிரிக்கவில்லை. குறுக்கே வந்து நின்றார்.

“அங்கேயே நில்லும்மா. கோர்ட்டுல போயி அறுத்துட்டு வந்தவ, கழுத்துல ஒண்ணும் இல்லாதவ. நல்ல காரியத்துல சீர் தூக்கலாமா? எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஆகாது.”

மேளம் நின்றுவிட்டது.  அண்ணி தாம்பாளத்தோடு ஒரு அடி பின்னால் வைத்தாள். அந்த ஒரு அடியைப் பார்த்ததும் எனக்குள் இத்தனை வருடம் இருந்ததெல்லாம் மேலே வந்துவிட்டது.

“அக்கா” என்றேன். “என் கழுத்துல ரெண்டு முடிச்சு நீங்க போட்டது. நாத்தனார் முடிச்சு. நாளைக்கே உங்க தம்பி என்னைய வேணாம்னு சொன்னா, நீங்களும் உங்க முடிச்சை அவுத்துக்கிட்டுப் போயிடுவீங்களா?”

அண்ணியைக் கையால் காட்டினேன். 

“இவ கழுத்துல எங்கண்ணன் போட்டது ஒரே ஒரு முடிச்சு. அதைத்தான் கோர்ட்டு அவுத்துச்சு. நான் போட்ட ரெண்டை எந்தக் கோர்ட்டும் அவுக்கல. நானும் அவுக்கல. உள்ள வா அண்ணி.”

நானே தாம்பாளத்துக்கு ஒரு கை கொடுத்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன்.  காளியம்மா அக்கா தன் கழுத்துக் கயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, குடத்தைத் தூக்கி அண்ணியின் கையில் கொடுத்தார்.

“ம்ம், ஊத்தும்மா. புள்ளைக்குக் குளுருது.”

அண்ணிதான் முதல் தண்ணீர் ஊற்றினாள்.